பழைய பாய்ப்படகு, மாஸ்ட் விளக்கு மங்கல்: மீட்டரில் மட்டும் முழு 12.5 வோல்ட்

தேங்காய்த்திட்டு28 எழுதியது:

28 அடி ஃபைபர் பாய்ப்படகு, 1980-களில் கட்டியது. பாண்டிச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துப் பக்கம் கட்டிக் கிடக்கிறது. அலுமினிய மாஸ்ட் (பாய்மரம்) 11 மீட்டர், டெக் (மேல்தளம்) மேல் நிற்பது. உச்சியில் மூவண்ண விளக்கு (சிவப்பு, பச்சை, பின்வெள்ளை ஒரே கூட்டில்) 25 வாட், அதே கூட்டின் மேல்தட்டில் நங்கூர விளக்கு 10 வாட். 6.5 மீட்டர் உயரத்தில் ஸ்டீமிங் லைட் (என்ஜினில் ஓடும்போது போடும் வெள்ளை விளக்கு) 10 வாட். மூன்றுக்கும் பாசிட்டிவ் தனித்தனி, நெகட்டிவ் மட்டும் பொது. ஆக நாலு ஒயர் மாஸ்ட் காலடியில் டெக் பிளக்குக்கு வந்து, அங்கிருந்து 6 மீட்டர் உள்ளே ஓடிப் பேனலுக்குப் போகிறது.

ஸ்டீமிங் லைட் மங்கல். மூவண்ணம் படகு உருளும்போது சிமிட்டுகிறது, மழைக்குப் பிறகு இன்னும் மோசம். இதெல்லாம் புரிகிறது. புரியாதது ஒன்று: ஸ்டீமிங் சுவிட்சைப் போட்டால், அணைத்து வைத்திருக்கும் நங்கூர விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்திலுள்ள சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் லேசாக எரிகிறது.

பிளக்கைக் கழற்றி டெக் சாக்கெட்டில் மீட்டர் வைத்தால் 12.5 முழுசாக வருகிறது. அப்போது பழுது மேலேதானே? கிரேனுக்குச் சொல்லி மாஸ்டை இறக்குவதா, ஆளை ஏற்றுவதா?

—

உப்பனாறு எழுதியது:

யாரும் ஏற வேணாம் தம்பி, கிரேனுக்கும் சொல்ல வேணாம். அந்தச் சிவப்பு இண்டிகேட்டரே பாதி பதிலைச் சொல்லிடுச்சு.

முதல்ல 12.5. டிஜிட்டல் மல்டிமீட்டரோட உள்தடை 10 மெகாஓம் அளவுல இருக்கும். அது இழுக்கிற கரண்ட் மைக்ரோஆம்பியர் கணக்கு. நடுவில களிம்பு ஏறி 5 ஓம் நின்னாலும் சரி, 500 ஓம் நின்னாலும் சரி, மீட்டருக்கு முழு வோல்ட்தான் தெரியும். பல்பு போட்டதும்தான் குட்டு வெளிப்படும். லோடு இல்லாம எடுத்த வோல்டேஜை வெச்சு மாஸ்ட் ஒயரிங்ல எந்த முடிவுக்கும் வராதீங்க.

இப்ப இண்டிகேட்டர். நெகட்டிவ் பொது. அது எங்கயோ அடைபட்டிருக்குன்னு வெச்சுக்கங்க. ஸ்டீமிங் பல்பு வழியா வந்த கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழி இல்லாம பொது ஒயர்ல தேங்குது, அந்த ஒயரோட வோல்டேஜ் மேல ஏறுது. தேங்கினது வேற சந்து தேடும். நங்கூர பல்புக்குள்ள தலைகீழா நுழைஞ்சு, அதோட பாசிட்டிவ் ஒயர்ல இறங்கி, பேனல்ல அந்த இண்டிகேட்டர் வழியா நெகட்டிவுக்குப் போகுது. இண்டிகேட்டருக்கு சில மில்லிஆம்பியர் போதும், அதான் எரியுது. நங்கூர பல்புக்கு அது எந்த மூலைக்கு? அதனால மேல எதுவும் தெரியாது. அணைச்ச சுவிட்சோட இண்டிகேட்டர் எரிஞ்சா பெரும்பாலும் பொது நெகட்டிவ்தான் போயிருக்கும்.

செய்ய வேண்டியது: ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில 12 வோல்ட் 21 வாட் கார் பல்பு ஒண்ணு, ஹோல்டரோட வாங்குங்க. ஒரு முழ ஒயர் ரெண்டு சேர்த்தா டெஸ்ட் லாம்ப் ரெடி, சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். அதை டெக் சாக்கெட்ல மாட்டி ஸ்டீமிங் சுவிட்சைப் போடுங்க. பளிச்சுன்னு எரிஞ்சா உள்பக்கம் சரி, பழுது மாஸ்ட்ல. மங்கினா உள்பக்கம். அடுத்து டெஸ்ட் லாம்போட நெகட்டிவ் முனையை மட்டும் சாக்கெட்லருந்து எடுத்து, தனியா ஒரு நீள ஒயர் போட்டு பேட்டரி நெகட்டிவ்ல நேரா வைங்க. அப்ப பளிச்சுன்னு வந்தா குற்றவாளி நெகட்டிவ்தான்.

பிறகு பிளக்கை மாட்டி, ஸ்டீமிங் லைட்டை எரியவிட்டு, துண்டு துண்டா வோல்ட் இழப்பு எடுங்க. பேட்டரி பிளஸ்லருந்து சுவிட்ச் வெளிமுனை வரை எவ்வளவு, சுவிட்ச்லருந்து பிளக்கோட மாஸ்ட் பக்கம் வரை எவ்வளவு, மாஸ்ட் பக்க நெகட்டிவ்லருந்து பேட்டரி மைனஸ் வரை எவ்வளவு. மீட்டர் வோல்ட் நிலையில, ஒரே ஒயரோட ரெண்டு முனையிலயும் வைக்கணும். எல்லாம் சேர்த்து அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.

—

சுண்ணாம்பாறு எழுதியது:

இவ்வளவு எதற்கு? பல்பைத் தூக்கிவிட்டு எல்இடி போட்டால் போகிறது. 2 வாட்தான், 0.17 ஆம்பியர். அந்தக் கரண்டுக்கு எந்த ஒயரும் தாங்கும்.

—

தேங்காய்த்திட்டு28 எழுதியது:

உப்பனாறு அண்ணே, சொன்னபடி எடுத்தேன். டெஸ்ட் லாம்ப் சாக்கெட்டில் ஆரஞ்சு நிறத்தில் மங்கலாக நின்றது. நெகட்டிவை நேரே பேட்டரிக்குக் கொண்டுபோனதும் கண் கூசுகிற அளவு எரிந்தது.

ஸ்டீமிங் லைட் எரியும்போது எடுத்தவை:
பேட்டரி 12.5
பேட்டரி பிளஸ் – சுவிட்ச் வெளிமுனை 0.1
சுவிட்ச் – பிளக் மாஸ்ட் பக்க பாசிட்டிவ் 0.2
பிளக் மாஸ்ட் பக்க நெகட்டிவ் – பேட்டரி மைனஸ் 3.4
பிளக்கில் பல்புக்குக் கிடைப்பது 8.8
கரண்ட் 0.7 ஆம்பியர்

—

உப்பனாறு எழுதியது:

அந்த 3.4-தான். 3.4-ஐ 0.7-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 5 ஓம். 6 மீட்டர் செம்பு ஒயர்ல 0.1 ஓம்கூட வரக்கூடாது, மிச்சம் முழுக்கக் களிம்பு. சாக்கெட்டை டெக்லருந்து நாலு ஸ்க்ரூ கழட்டி மேல தூக்கிப் பாருங்க. சாக்கெட்டோட உலோகப் பின் வெளிப்பார்வைக்கு நல்லா இருக்கும், அதுல ஏமாறாதீங்க. பின்னால ஒயர் மாட்டியிருக்கிற திருகைத் தளர்த்தி ஒயரை வெளிய இழுங்க. வெள்ளீயம் பூசாத செம்பா இருந்தா முனையில பச்சை, அதுக்கு மேல இன்சுலேஷனை அரை அங்குலம் உரிச்சா கரி மாதிரி கறுப்பு. நகத்தால சுரண்டினா பொடியா உதிரும். அந்தக் கறுப்பு எங்க முடியுதோ அதுக்கும் ரெண்டு அங்குலம் மேல வெட்டணும், பளபளன்னு செம்பு தெரியற வரைக்கும். சில படகுல அரை மீட்டர் வரைக்கும் ஏறியிருக்கும். நூலிழைகளுக்கு நடுவில உப்புத்தண்ணி திரி மாதிரி உறிஞ்சிட்டுப் போகும்.

பாசிட்டிவ் பின்களையும் பாருங்க. சாக்கெட்ல தண்ணி நிக்கறப்ப விளக்கு எரிஞ்சா, பாசிட்டிவ் பின்லருந்து நெகட்டிவுக்குத் தண்ணி வழியா கரண்ட் கசியும். அதுல கரையறது எப்பவும் பாசிட்டிவ் பின்தான். ராத்திரி முழுக்க எரியற நங்கூர விளக்கோட பின் மத்ததைவிட ஒல்லியா இருந்தா ஆச்சரியப்பட வேணாம்.

—

மின்னல்கம்பி எழுதியது:

சுண்ணாம்பாறு கேட்டதற்குக் கணக்கோடு பதில்.

5 ஓம் களிம்போடு 2 வாட் எல்இடி போட்டால் இழப்பு 0.85 வோல்ட்தான். விளக்கு முழு வெளிச்சத்தோடு எரியும், எல்லாரும் கைகழுவிவிட்டுப் போவார்கள். ஆனால் களிம்பு வளர்வது நிற்காது. 12.5 வோல்ட்டில் ஒரு தடையின் வழியே அனுப்பக்கூடிய அதிகபட்ச சக்தி, வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது. 2 வாட் வேண்டுமானால் தடை 20 ஓமுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டிய அன்று எல்இடியின் உள்ளே இருக்கும் டிரைவர் (கரண்டைச் சீராக்கும் சர்க்யூட்) தடுமாறி, விளக்கு மங்காமல் விட்டு விட்டு மின்னும். இழை பல்பு மங்கி முன்கூட்டியே எச்சரிக்கும். எல்இடி நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு ஒரே நாளில் கைவிடும். மீன்பிடிப் படகுகள் நடுவே மின்னுகிற விளக்கு, இல்லாத விளக்கைவிட மோசம்; பார்ப்பவன் வலை மிதவை என்று நினைப்பான்.

எனவே எல்இடி போடுங்கள், ஒயரை ஒழுங்கு செய்த பிறகு போடுங்கள்.

ஒயர் தடிமன்: பேனலிலிருந்து உச்சி வரை 6 + 11 = 17 மீட்டர், போக வர 34. செம்பின் தடை மீட்டருக்கு 0.0175 ஓம், குறுக்குப் பரப்பு எத்தனை ஸ்கொயரோ (சதுர மில்லிமீட்டர்) அதனால் வகுக்க வேண்டும்.

25 வாட் பல்புக்கு 2.08 ஆம்பியர். 0.75 ஸ்கொயர் ஒயரில் 1.65 வோல்ட் இழப்பு. 1.5 ஸ்கொயரில் 0.83. 2.5 ஸ்கொயரில் 0.5. நேவிகேஷன் விளக்குகளுக்கு 3 சதவீதம், அதாவது 12 வோல்ட்டில் 0.36 வோல்ட்டுக்குள் இழப்பு இருக்க வேண்டும் என்பது படகு மின்வேலையில் பொதுவாக ஏற்கும் அளவு. இழை பல்போடு 2.5 ஸ்கொயர் போட்டாலும் அதை எட்டாது. இழை பல்பில் 10 சதவீத வோல்ட் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் ஸ்டீமிங் லைட் இப்போது மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தில்தான் எரிகிறது.

2.5 வாட் எல்இடி மூவண்ணத்துக்கு 0.2 ஆம்பியர். 1.5 ஸ்கொயரில் இழப்பு 0.08 வோல்ட். கரண்ட் கணக்குப்படி 0.5 ஸ்கொயரே போதும், ஆனால் 11 மீட்டர் தொங்கும் ஒயருக்கு உடல் வலு வேண்டும், கிரிம்ப் (ஒயரில் நசுக்கிப் பொருத்தும் முனை) பிடிக்கவும் வேண்டும். 1.5-க்குக் கீழே போகாதீர்கள். 2.5 வாங்கிக் காசைக் கரைக்கவும் வேண்டாம், மாஸ்ட் தலையில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் படகை உருட்டும்.

பேட்டரிக்கும் லாபம் உண்டு. 25 வாட் பல்பு 12 மணி நேரம் எரிந்தால் 25 ஆம்பியர்-அவர். எல்இடிக்கு இரண்டரை.

—

சுண்ணாம்பாறு எழுதியது:

ஒப்புக்கொண்டேன். 20 ஓம் கணக்கு யோசிக்காதது. சரி, ஒயர் என்ன ஒயர்? வெள்ளீயம் பூசிய மரைன் ஒயர் பாண்டிச்சேரிக் கடைகளில் கேட்டால் விழிக்கிறார்கள்.

—

உப்பனாறு எழுதியது:

வரவழைக்கணும். சென்னை ரிச்சி தெருவில வெள்ளீயம் பூசின சிலிகான் ஒயர், பிடிஎஃப்இ ஒயர் கிடைக்கும், ஆனா மாஸ்ட்டுக்கு வெளியுறை போட்ட 3 கோர் கேபிள்தான் தோது. கிடைக்கவே இல்லன்னா நல்ல ஃப்ளெக்சிபிள் செம்பு, 22/0.3 போட்டிருக்கிறது. 0.3 மில்லி இழை 22 சேர்ந்தா ஒன்றரை ஸ்கொயர். வீட்டுக்குப் போடற ஒத்தைக் கம்பி ஒயர் வேணவே வேணாம், ஆட்டத்துல ஒடியும். பூசாத செம்புன்னா ஒவ்வொரு முனையையும் பசை வெச்ச ஹீட் ஷ்ரிங்க்ல மூடணும். சாதா ஹீட் ஷ்ரிங்க் தண்ணியை நிறுத்தாது. சூடு காட்டறப்ப ஓரத்துல பசை பிதுங்கி வெளிய வரணும், வரலைன்னா அது மூடல.

சால்டர் வெக்காதீங்க. ஈயம் இழைக்குள்ள ஏறி நின்ன இடத்துல ஒயர் கம்பி மாதிரி விறைச்சுக்கும், அந்த விளிம்புலதான் ஒடியும். ரேச்செட் கிரிம்பர், சரியான அளவு லக் (ஒயர் நுனியில நசுக்கி மாட்டற உலோக முனை). சிவப்பு 0.5 முதல் 1.5 ஸ்கொயர், நீலம் 1.5 முதல் 2.5. கிரிம்ப் பண்ணினதும் கையால பலமா இழுங்க, வந்துட்டா அது கடல்லயும் வந்திருக்கும்.

கறுப்பு இன்சுலேஷன் டேப் சித்திரை வெயில்ல பசை உருகிக் கழண்டுரும். இழுத்துச் சுத்தினா தன்னோட தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப் இருக்கு, அதைச் சுத்துங்க. சிலிகான் சீலன்ட் வாங்கறப்ப மோந்து பாருங்க. வினிகர் நாத்தம் அடிச்சா அசிட்டிக் அமிலம் விடற ரகம், செம்பைத் தின்னும். நியூட்ரல் ரகம் கேட்டு வாங்கணும்.

அடுத்தது டெக் பிளக். என் தீர்ப்பு: தூக்கிப் போடுங்க. வருஷம் ஒரு தடவைகூட மாஸ்ட் இறங்காத படகுக்குப் பிளக் எதுக்கு? டெக்ல கேபிள் கிளாண்ட் ஒண்ணு, இல்லன்னா அன்னக்கழுத்து மாதிரி வளைஞ்ச ஸ்டீல் குழாய். கேபிள் துண்டாகாம உள்ள போகட்டும். கேபின் கூரைக்குக் கீழ தண்ணி புகாத ஐபி67 ஜங்ஷன் பாக்ஸ், அதுல இணைப்பு. பாக்ஸுக்கு ஒயர் கீழ்ப்பக்கமா நுழையணும், நுழையறதுக்கு முன்னாடி ஒரு சாண் கீழ தொங்கி வளைஞ்சு ஏறணும். வழிஞ்சு வர்ற தண்ணி அந்த வளைவோட அடியில சொட்டிப் போயிரும். பாக்ஸ் பில்ஜுக்கு (படகோட அடியில தண்ணி தேங்கற இடம்) பக்கத்துல வேணாம்.

பிளக்கை வெச்சுக்கத்தான் செய்வேன்னா சிலிகான் கிரீஸ் பூசுங்க. வாசலின் பூசறவங்க இருக்காங்க, மே மாச மத்தியானம் டெக் சூட்டுல அது எண்ணெயா ஓடிரும்.

—

வாடைக்காத்து எழுதியது:

கேபிள் இழுப்பது பற்றி. மாஸ்ட் கீழே இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும், எப்படியும் ஸ்டேக்களை (மாஸ்டைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளை) சோதிக்க இறக்கத்தானே வேண்டும், இரண்டையும் ஒரே தடவையில் வைத்துக்கொள்ளுங்கள். பருவக்காற்றுக்கு முன், புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசியில் மாஸ்டைக் கரையில் போட்டுவிட்டு மழையை வேடிக்கை பார்க்க நேரும்.

பழைய கேபிளின் முனையில் 4 மில்லி நைலான் கயிறு கட்டி இழுங்கள், கயிறு உள்ளே வந்துவிடும். புதுக் கேபிள் இழுக்கும்போது கூடவே இன்னொரு கயிறும் போகட்டும். அது அடுத்த முறைக்கு. முடிச்சு ஒரே இடத்தில் குண்டாக வரக் கூடாது: கோர்களை ஒன்றுக்கொன்று ஐந்து செ.மீ. தள்ளி வெட்டி, கயிற்றோடு படியப் படியக் கட்டி, டேப்பைப் போகும் திசைக்கு ஏற்பச் சுற்ற வேண்டும்.

பழைய கேபிள் அறுந்துவிட்டது, கயிறும் இல்லை என்றால் சைக்கிள் செயின் ஒரு முழம். நூலில் கட்டி உச்சியிலிருந்து விட்டால் ஹால்யார்டுகளுக்கு (பாய் ஏற்றும் கயிறுகளுக்கு) நடுவே நெளிந்து இறங்கிவிடும். கீழே துவாரம் வழியே காந்தம் கட்டிய கம்பியை நுழைத்துச் செயினைப் பிடியுங்கள். மாஸ்ட் அலுமினியம் என்பதால் காந்தம் சுவரில் ஒட்டாமல் செயினைத்தான் பிடிக்கும்.

உள்ளே கேபிள் அடிக்கும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். அதைவிட முக்கியம், உரசி இன்சுலேஷன் போகும். ஹால்யார்டுகள் மாஸ்டுக்கு வெளியே ஓடினால் சுலபம்: அரை மீட்டருக்கு ஒரு இடத்தில் மூன்று கேபிள் டை, வால்கள் மூன்று திசைக்கும் நீட்டிக்கொண்டு நிற்கும்படி கட்டுங்கள், வாலை வெட்டாதீர்கள். அவை மாஸ்டின் உட்சுவரில் ஊன்றிக் கேபிளை நடுவில் தாங்கும். 11 மீட்டருக்கு 22 இடம், 66 டை. 200 மில்லி நீளமாவது வேண்டும். ஹால்யார்டுகள் உள்ளே ஓடினால் டை அவற்றில் சிக்கும். அப்போது 20 மில்லி பிவிசி கான்டூயிட், 3 மீட்டர் துண்டு நான்கு. முன்பக்கச் சுவரோடு ஒட்டி 60 செ.மீ. இடைவெளியில் 4.8 மில்லி அலுமினிய பாப் ரிவிட். ரிவிட்டின் வால் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும், எனவே ரிவிட் அடித்து முடித்த பிறகே கேபிளை நுழைக்க வேண்டும், நிதானமாக.

உச்சியில் கேபிள் தன் கனத்தைத் தானே தாங்கக் கூடாது. விளக்கின் திருகில் தொங்கவிட்டால் சில மாதத்தில் லக்கிலிருந்து உருவிக்கொள்ளும். கேபிள் உறையைச் சுற்றி மெல்லிய கயிற்றால் ஒரு சாண் நீளத்துக்கு உருட்டு முடிச்சுப் போட்டு, கயிற்றை மாஸ்ட் தலையிலுள்ள உலோகப் பின் ஒன்றில் கட்டுங்கள். ஸ்டீமிங் லைட்டுக்கு வெளியேறும் துவாரத்தில் ரப்பர் புஷ் கட்டாயம். அலுமினியத்தின் வெட்டு விளிம்பு கத்தி.

விளக்கைப் பிடிக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூக்களுக்கு லானோலின் கிரீஸ் தடவாமல் அலுமினியத்தில் ஏற்றினால், அடுத்த முறை டிரில்தான் கழற்றும்.

அளவு: உச்சிக்கு 3 கோர் 1.5 ஸ்கொயர் 13 மீட்டர், ஸ்டீமிங் லைட்டுக்கு 2 கோர் 9 மீட்டர். இரண்டும் டெக் தாண்டி ஜங்ஷன் பாக்ஸ் வரை. இனி பொது நெகட்டிவ் மூன்றுக்கும் ஒன்றாக வேண்டாம், உச்சிக்கு ஒன்று, ஸ்டீமிங்குக்கு ஒன்று. ஒன்று போனால் மற்றது நிற்கும். ரேடியோவின் கோ-ஆக்ஸ் (ஆன்டெனா) கேபிளையும் இதோடு மாற்றுங்கள். 20 மீட்டர் மெல்லிய ஆர்ஜி-58 ரகத்தில், ரேடியோ அனுப்பும் 25 வாட்டில் பாதிக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும்.

—

தேங்காய்த்திட்டு28 எழுதியது:

எல்இடி பல்பைப் பழைய கூட்டுக்குள் போடலாமா, முழு விளக்காக மாற்ற வேண்டுமா? கூடு உடையவில்லை, கண்ணாடி கொஞ்சம் மங்கியிருக்கிறது.

—

மின்னல்கம்பி எழுதியது:

நங்கூர விளக்குக்குப் பல்பு மட்டும் மாற்றலாம். அது வெள்ளை, 360 பாகை, பிரச்சினை இல்லை. மூவண்ணத்தில் அந்தச் சோம்பல் கூடாது.

காரணம் ஒன்று, நிறம். வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடி மேல் மஞ்சள் பாஸ்பர். கூல் ஒயிட்டில் சிவப்பு மிகக் குறைவு. சிவப்புக் கண்ணாடி வழியே வெளிச்சம் மங்கலாகத்தான் வரும், பச்சைக் கண்ணாடியில் நீலம் கலந்து தெரியும். போட்டே ஆக வேண்டுமானால் வார்ம் ஒயிட். இன்னொரு காரணம், கோணம். மூவண்ணத்தில் சிவப்பு 112.5, பச்சை 112.5, பின்வெள்ளை 135 பாகை. இந்த வெட்டு, செங்குத்தாக நிற்கும் மெல்லிய இழையை மையமாக வைத்து வடிவமைத்தது. சோளக்கதிர் மாதிரி சுற்றிலும் சில்லு ஒட்டிய எல்இடி பல்பு தடிமனாக இருப்பதால் எல்லை கலங்கும். நேர் முன்னால் வருகிறவனுக்குச் சிவப்பும் பச்சையும் அகலமான ஒரு பட்டைக்குச் சேர்ந்து தெரியும். அந்தக் கூட்டுக்கு வாங்கிய சான்றிதழும் அந்த இழை பல்போடுதான் செல்லும். கண்ணாடி மங்கியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், முழுதாக மூடி வரும் எல்இடி மூவண்ண-நங்கூர விளக்கே சரி. 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்குப் பக்க விளக்கு 1 மைல், மற்றவை 2 மைல் தெரிய வேண்டும்.

வாங்கும்போது 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ரெசிஸ்டர் வைத்த மலிவு பல்பு, என்ஜின் சார்ஜ் செய்யும் 14.4 வோல்ட்டில் நாளாக நாளாகக் கருகும்.

ரேடியோ இரைச்சலையும் சோதித்துப் பார்க்க வேண்டும். டிரைவர் சுவிட்ச்சிங் செய்யும் சத்தம் 156–162 மெகாஹெர்ட்ஸில் விழுந்தால் விஎச்எஃப் ரேடியோ, ஏஐஎஸ் (சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் கருவி) இரண்டும் செவிடாகும். உங்கள் ஆன்டெனா விளக்குக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. 2018-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையே இதற்கு எச்சரிக்கை வெளியிட்டது. சோதனை எளிது: பேச்சில்லாத சேனல், ஸ்குவெல்ச்சை (ரேடியோவின் இரைச்சல் அடக்கும் திருகை) இரைச்சல் அப்போதுதான் அடங்கும் இடத்தில் வையுங்கள், விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பினால் அந்த விளக்கு ஆகாது. விளக்கருகே ஒயரில் ஃபெரைட் கிளிப் மாட்டிப் பாருங்கள், குறையாவிட்டால் கடைக்கே திருப்புங்கள். இந்தச் சோதனையை மாஸ்ட் கரையில் கிடக்கும்போதே, ஆன்டெனாவும் விளக்கும் அதனதன் இடத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

மாட்டிய பிறகு எரியவில்லை என்றால் முதலில் துருவத்தைப் பாருங்கள். இழை பல்புக்கு பிளஸ் மைனஸ் ஒன்றுதான், முன்னால் யாராவது ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தாலும் அது காட்டிக் கொடுத்திருக்காது. ஃபியூஸ் 3 ஆம்பியர். கண்ணாடி ஃபியூஸ் ஹோல்டர் இருந்தால் பிளேடு ரகத்துக்கு மாற்றுங்கள்.

—

சுண்ணாம்பாறு எழுதியது:

மூவண்ணத்துக்கு இவ்வளவு செலவழிக்கும் முன் ஒரு கேள்வி. பாண்டிச்சேரி, கடலூர் கரையில் ராத்திரி எதிரே வருவது பெரும்பாலும் ஃபைபர் போட். அதில் உட்கார்ந்திருப்பவர் கண் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர். 50 மீட்டர் தூரத்தில் 11 மீட்டர் உயரத்து விளக்கை அவர் நட்சத்திரம் என்று விட்டுவிடுவார். அணியத்தில் (படகின் முன்முனையில்) இருக்கும் கீழ் விளக்கே கரையோரம் உயிர் காக்கும்.

—

வாடைக்காத்து எழுதியது:

நூற்றுக்கு நூறு. மூவண்ணம் ஆழ்கடலுக்கு, கப்பல்காரர் பார்க்க. அலை மறைக்காது, பேட்டரியும் மிச்சம். முகத்துவாரம் நெருங்கினால் அதை அணைத்துக் கீழ் விளக்குகளுக்கு மாறுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. 1972 மோதல் தடுப்பு விதிகளில் விதி 25, 20 மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகு பாயில் மட்டும் போகும்போதுதான் மூவண்ணத்தை அனுமதிக்கிறது. என்ஜின் ஓடி கியர் விழுந்தால் நீங்கள் விசைப்படகு: ஸ்டீமிங் லைட், கீழ்ப் பக்க விளக்குகள், பின்விளக்கு. மூவண்ணத்தோடு ஸ்டீமிங் லைட்டை எரிய விடுவது அடிக்கடி கண்ணில் படும் தப்பு. வெள்ளை, பக்க விளக்குகளுக்கு 1 மீட்டராவது மேலே இருக்க வேண்டும், இங்கே நாலரை மீட்டர் கீழே கிடக்கும். பேனலில் மூவண்ணத்துக்கும் கீழ் விளக்குக்கும் இருவழிச் சுவிட்ச் ஒன்று போட்டால் இரண்டும் ஒன்றாக எரியவே முடியாது.

—

தேங்காய்த்திட்டு28 எழுதியது:

சாக்கெட்டைத் திறந்தேன். அண்ணே சொன்ன அதே கறுப்பு, நெகட்டிவ் ஒயரில் 20 செ.மீ. வரை. வெட்டிப் புது லக் போட்டாயிற்று. மாஸ்ட் பக்க பிளக்கில் ஒவ்வொரு கோருக்கும் மாஸ்டுக்கும் ஓம் பார்த்தேன், எல்லாம் திறந்த சுற்றுதான். ஒயர் எங்கும் மாஸ்டைத் தொடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? மாஸ்ட் இறங்கும்வரை மூவண்ணத்தையும் நங்கூர விளக்கையும் ஒரே ஜோடி ஒயரில், துருவத்தை மாற்றி மாற்றி ஓட்டலாம் என்கிறார்களே, அதுவும் ஆகுமா?

—

உப்பனாறு எழுதியது:

மீட்டர் முனையை மாஸ்ட்ல எங்க வெச்சீங்க? அனோடைஸ் பண்ணின அலுமினியத்தோட மேல்தோல் கரண்ட் கடத்தாது. அதுல வெச்சா ஒயர் முழுசா அம்மணமா மாஸ்ட்ல சாய்ஞ்சு கிடந்தாலும் திறந்த சுற்றுன்னுதான் காட்டும். உள்ள அலுமினியத்தைக் கடிச்சுட்டு இருக்கிற ஸ்க்ரூ தலையில வைங்க, இல்ல கண்ணுக்குத் தெரியாத இடத்துல அரத்தால சின்னதா சுரண்டி வைங்க. முதல்ல ரெண்டு ஸ்க்ரூவுக்கு நடுவில ஓம் பாருங்க, பூஜ்யம் வந்தாதான் அந்த இடம் நம்பகம். மீட்டர் 20 மெகாஓம் நிலையில இருக்கட்டும், 1 மெகாஓமுக்குக் கீழ காட்டற கோர் சந்தேகக் கேஸ். பல்புகள் மாட்டியிருக்கிறதால எல்லா கோரும் ஒண்ணுக்கொண்ணு தொடர்புலதான் இருக்கும், ஒண்ணு கசிஞ்சா நாலும் கசியற மாதிரி தெரியும். எதுன்னு பிரிக்கணும்னா பல்பைக் கழட்டணும். மெகர் (அதிக வோல்ட் விட்டு இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) கொண்டு வந்தா எல்இடி மாட்டறதுக்கு முன்னாடியே பாத்துருங்க, 500 வோல்ட் டிரைவரைக் கொன்னுரும்.

பாசிட்டிவ் கோர் மாஸ்டைத் தொட்டா சும்மா ஃபியூஸ் போறதோட நிக்காது. ஸ்டே, செயின்பிளேட் (ஸ்டேயைப் படகுல மாட்டற தகடு) வழியா தண்ணிக்குக் கசிஞ்சு உலோகத்தைத் தின்னும். அதே காரணத்துக்காக மாஸ்டையே நெகட்டிவா பயன்படுத்தற பழைய குறுக்குவழியும் வேணாம்.

துருவம் மாத்தற வித்தை ஆகும், உங்க படகுல இப்ப ஆகாது. ரெண்டு எல்இடிக்கும் எதிரெதிர் திசையில ஒரு ஷாட்கி டையோடு (ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடறது), கீழ பிளஸ் மைனஸை மாத்திப் போடற, நடுவில ஆஃப் இருக்கிற டிபிடிடி சுவிட்ச், அவ்வளவுதான். ஆனா அந்த ஜோடி தனியா இருக்கணும். உங்க நெகட்டிவை ஸ்டீமிங் லைட்டும் பிடிச்சிருக்கு. ஸ்டீமிங் எரியறப்ப துருவத்தை மாத்தினா அந்த நெகட்டிவ் ஒயர்ல பாசிட்டிவ் வந்து நிக்கும், ஸ்டீமிங் அணையும். டையோடு வைக்க மேல ஏறவும் வேணும். புதுக் கேபிள் வர்றப்ப 3 கோர் இருக்கு, வித்தை தேவையே இல்ல.

புது லக் போட்டதும் லோடு வெச்சு மறுபடி எடுத்தீங்களா?

—

தேங்காய்த்திட்டு28 எழுதியது:

எடுத்தேன். பேட்டரி 12.5. சுவிட்ச் வரை 0.1. சுவிட்ச்சிலிருந்து பிளக் 0.2. நெகட்டிவ் 0.1. பல்பு பக்கம் 12.1. கரண்ட் 0.83. இண்டிகேட்டர் எரிவது நின்றுவிட்டது. ஸ்க்ரூ தலையில் வைத்து மறுபடி பார்த்ததில் மாஸ்ட் கசிவு இல்லை.

—

உப்பனாறு எழுதியது:

நெகட்டிவ் முடிஞ்சது. அந்த 0.2-ஐ விடாதீங்க. 6 மீட்டர் ஒன்றரை ஸ்கொயர்ல 0.83 ஆம்பியர் போனா 0.06 வோல்ட்தான் இழக்கணும். மிச்சம் 0.14 ஸ்டீமிங் பாசிட்டிவ் பின்லயோ அதோட பின்பக்கத் திருகுலயோ உக்காந்திருக்கு. அதையும் வெட்டிப் புதுசா முடிங்க, நங்கூர விளக்கு பின்னையும் கூடவே பாத்துருங்க.